அடாப்டரைப் பிடுங்கினேன், பாட்டு நிற்கவில்லை: ‘தரம் குறையாத’ ஸ்ப்ளிட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை

ஹைஃபை கருவிகளுக்கு நடுவே சிக்னலைப் பிரிக்க ஒரு பெட்டி வாங்கி, அரை மாதச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விற்றவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆடியோ சாமான்கள் மட்டும் விற்கும் ஓர் இணையக் கடை, அவ்வளவுதான். பணம் கேட்டுப் போட்ட புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

என் தேவை ரொம்பச் சின்னது. சிடி பிளேயரிலிருந்து வரும் சிக்னல் ஸ்பீக்கர் ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) போக வேண்டும், ஹெட்போன் ஆம்ப்புக்கும் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை மாற்றிச் சொருகிச் சலித்துப்போயிருந்தது. ஒய் கேபிள் (ஒரு முனை இரண்டாகப் பிரியும் சாதாரண ஒயர்) போட்டால் ஒலித்தரம் பாதியாகிவிடும் என்று அந்தக் கடையின் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பயமுறுத்தியிருந்தார்கள். அதற்குக் கீழேயே மருந்தும் வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனி பஃபர் (ஒரு கருவி இன்னொன்றின் சிக்னலைப் பாதிக்காமல் தடுக்கும் மின்சுற்று) கொண்ட, மின்சாரத்தில் இயங்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டி.

பார்த்தவுடன் வாங்கிவிடவில்லை, சாட்டில் விசாரித்தேன். மறுமுனையில் இருந்தவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “சார், உங்க பிளேயரோட அவுட்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு? ரெண்டு ஆம்ப்புக்கும் இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு?” என்றார். இம்பீடன்ஸ் என்றால் சிக்னலுக்குக் கருவி காட்டும் மின்தடை, ஓமில் அளப்பார்கள். கருவிகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கையேடுகளைத் தேடி எடுத்துச் சொன்னேன்: பிளேயர் 200 ஓம், ஸ்பீக்கர் ஆம்ப் 10 கிலோ ஓம், ஹெட்போன் ஆம்ப் 47 கிலோ ஓம். “அப்போ கண்டிப்பா பஃபர் வேணும் சார், இல்லேன்னா ஒண்ணு இன்னொண்ணை இழுத்துடும்” என்றார். இம்பீடன்ஸ் கேட்கிற ஆள் குப்பையைத் தலையில் கட்டுவாரா என்ன? அந்த ஒரு கேள்விக்குத்தான் அரை மாதச் சம்பளம் போனது.

பெட்டி நல்ல கனம். முன்னால் நீல விளக்கு. இணைத்துப் பாட்டைப் போட்டால், வழக்கமாக வைக்கும் வால்யூமில் பாடகர் அடுத்த அறைக்குப் போய்விட்டது போல இருந்தது. அடியில் விடாமல் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் வேறு. ஹெட்போன் பக்கம் அவ்வளவு மோசமில்லை, சத்தம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

புகார் சொன்னேன். முதல் பதில்: “ஹெட்போன்ல நல்லா வருதில்ல சார், அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்க ஆம்ப்பைக் காட்டுங்க.” அப்புறம் கேபிள் சரியில்லை என்றார்கள். கேபிளை மாற்றினேன். கடைசியாக, பெட்டி ‘பழக’ வேண்டுமாம், 200 மணி நேரம் ஓட விடச் சொன்னார்கள். ஓட விட்டேன். எதுவும் மாறவில்லை என்று மறுபடி எழுதியபோது, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. ஓட விடச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. இம்பீடன்ஸ் கேட்ட அந்த மகானை அதன் பிறகு சாட்டில் காணவே காணோம்.

எரிச்சலில் அன்றிரவு அடாப்டரைப் பிடுங்கினேன். நீல விளக்கு அணைந்தது. இரைச்சல் நின்றது. பாட்டு மட்டும் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டே இருந்தது! பஃபர் என்பது மின்சாரம் இல்லாமல் வேலை செய்யாது. மின்சாரம் போனால் நேராகக் கடத்திவிடும் பைபாஸ் வசதி என்று விளம்பரத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது.

நாலு திருகைக் கழற்றிப் பார்த்தேன். கனத்துக்காக அடியில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் தகடு. பஃபருக்கு வேண்டிய ஐசி (சிப்) எதுவும் இல்லை. இரண்டு சேனலுக்கும் இரண்டு வழிக்குமாக நாலே நாலு ரெசிஸ்டர், பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு வளையங்களோடு, அதாவது ஒவ்வொன்றும் 10 கிலோ ஓம். அடாப்டரின் மின்சாரம் அந்த நீல விளக்கோடு சரி. அடாப்டரின் மைனஸ் ஒயரைக் கொண்டுபோய் சிக்னலின் தரையோடு (கிரவுண்ட்) பற்றவைத்திருந்தார்கள், இரைச்சல் வந்த வழி அதுதான்.

கணக்கும் புரிந்துவிட்டது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தாண்டி 10 கிலோ ஓம் ஆம்ப்புக்குள் போனால் மின்னழுத்தம் சரிபாதி, 6 டெசிபெல் காலி. ஹெட்போன் ஆம்ப் 47 கிலோ ஓம் என்பதால் அங்கே இழப்பு 1.7 டெசிபெல்தான். “ஹெட்போன்ல நல்லா வருதில்ல” என்றதன் ரகசியம் இவ்வளவுதான். அவர்கள் பயமுறுத்திய ஒய் கேபிளைப் போட்டிருந்தால்? அதனால் வரும் கூடுதல் இழப்பு ஸ்பீக்கர் ஆம்ப்பில் சுமார் 0.04 டெசிபெல், ஹெட்போன் ஆம்ப்பில் சுமார் 0.17 டெசிபெல். எந்தக் காதுக்கும் அது கேட்காது.

உட்புறப் படங்களை அனுப்பினேன். “சீலை உடைத்துவிட்டீர்கள், உத்தரவாதம் செல்லாது.” அரை மாதச் சம்பளத்துக்கு நாலு ரெசிஸ்டர், ஒரு விளக்கு, ஒரு தகடு!

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில:

பஃபர் இருக்கிறது என்று சொல்லி விற்றால், வந்த அன்றே அடாப்டரைப் பிடுங்கிப் பாருங்கள். பைபாஸ் வசதி உண்டு என்று சொல்லாத பெட்டியில் பாட்டு சில நொடிகளுக்கு மேலும் தொடர்ந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். ‘பழகட்டும்’ என்றால் கெடு தேதியைப் பாருங்கள்.

கொடுக்கும் கருவி சில நூறு ஓம், வாங்கும் கருவிகள் 10 கிலோ ஓமோ அதற்கு மேலோ என்றால் ஒய் கேபிளே போதும். வெளியீடே சில கிலோ ஓம் வரும் வால்வ் ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்கு முன்னால் வரும், கண்ணாடிக் குழாய் வைத்த கருவி) என்றால் கதை வேறு, அங்கே நிஜமான பஃபர் தேவைப்படலாம்.

சில ஆம்ப்புகள் அணைத்து வைத்திருக்கும்போது சிக்னலை இழுத்துக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் அதன் ஒயரைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ரெக்கார்ட் பிளேயரின் கார்ட்ரிட்ஜிலிருந்து (ஊசி பொருந்தும் பாகம்) நேராகப் பிரிக்காதீர்கள், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்குப் பிறகு பிரியுங்கள்.

ஒய் கேபிள் ஒன்றை இரண்டாக்க மட்டும்தான். இரண்டு கருவிகளின் வெளியீட்டை ஒன்றாக்க அதையே திருப்பிப் போட்டுவிடாதீர்கள், ஒன்றின் வெளியீடு மற்றதன் மேல் மோதும், கருவியே கெட்டுப்போகலாம்.