செட்டிநாட்டு விருந்து என்று சொல்லி 1,860 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள்: கேட்டரிங் சொல்லப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

1,860 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). முழுத் தொகையும் முன்பணமாகப் போய்விட்டது. திரும்ப வரவில்லை. கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அடங்கினால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் குளிர்சாதன உணவகம், மாடியில் விருந்துக்கூடம், வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் ‘செட்டிநாடு’. அந்த வட்டாரத்தில் இப்படிப் பலகை வைத்த கடைகள் பல இருக்கின்றன. ஆகவே எதற்கு ஆர்டர் கொடுப்பதாக இருந்தாலும் கவனமாக இருங்கள்.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, மணிவிழா. ஆத்தாவும் (அம்மா) அப்பச்சியும் காரைக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். காலையில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் அர்ச்சனை, மதியம் சமூக மன்றத்தில் கூடம் எடுத்து 62 பேருக்குச் சாப்பாடு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு விசேஷம் என்றால் சைவம்தான். வெளியே பலருக்கு இது தெரியாது. செட்டிநாடு என்றதும் கோழியும் மிளகும் சிவப்பு எண்ணெயும்தான் அவர்கள் ஞாபகத்துக்கு வரும். கல்யாணம், சாந்தி என்னும் மணிவிழா, வீடு குடிபுகுதல் எதுவானாலும் எங்கள் பந்தியில் வெள்ளைப் பணியாரம், கவுனி என்ற கறுப்பு ஒட்டரிசி, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற மண்டி, உருண்டைக் குழம்பு இவைதான் இலைக்கு வரும். இதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன்.

நம்பிக்கை வந்தது எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களையும் இப்படித்தான் பிடிப்பார்கள். கடைக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்து, மெனு அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, “அக்கா, அட்டையில இருக்கிறதெல்லாம் வெளியாளுக்கு. உங்களுக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு” என்றார். வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்க வைக்க வேண்டும் என்று அளவு சொன்னார். கவுனியை ராத்திரியே ஊற வைத்தால்தான் பூவாக வேகும் என்றார். மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீர் கெட்டியாக இருக்க வேண்டும் என்றார். ஒன்றும் தப்பில்லை, எல்லாம் எங்கள் ஆயா சொல்வது மாதிரியே இருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டில் மூன்று வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வந்தன. ஓரம் மெலிந்து, நடு உப்பி, எண்ணெய் குடிக்காத பணியாரம். வாயில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிங்கப்பூருக்கு வந்த பிறகு வெளியில் அப்படி ஒன்றைச் சாப்பிட்டதே இல்லை. “மாஸ்டர் கானாடுகாத்தான்காரர், 30 வருஷமா விசேஷ வீட்டுல கைவெச்சவர்” என்றார்.

தலைக்கு 30 வெள்ளி பேசினோம். பாதிப் பணம் 930 வெள்ளி அன்றைக்கே. விசேஷத்துக்கு முந்தின வாரம், “கவுனி இந்தியாவிலிருந்து இறக்கணும், சாமானுக்குக் காசு கட்டினாத்தான் விடுவாங்க” என்று மீதி 930 வெள்ளியையும் கேட்டார். பேநவ் (கைப்பேசிப் பணப்பரிமாற்றம்) வழியாக அனுப்பினேன். அவர் கொடுத்தது கடையின் கணக்கு இல்லை, ஒருவருடைய கைப்பேசி எண். ரசீது கேட்டதற்கு, “சாப்பாட்டோட அனுப்பி வைக்கிறேன் அக்கா, நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன” என்றார். அந்த ரசீது இன்றுவரை வரவில்லை.

11:30க்கு வர வேண்டிய சாப்பாடு 12:50க்கு வந்தது. கோயிலிலிருந்து வந்த பெரியவர்கள் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் நின்று பரிமாறுவார்கள் என்று பேச்சு, ஆனால் வந்தது வேன் ஓட்டிவந்த பையன் ஒருவன் மட்டும். வாழை இலையும் இல்லை. “இலை கிடைக்கல” என்றான். தேக்கா சந்தையில் தினமும் கட்டுக் கட்டாக இலை விற்கிறார்கள்! அந்தக் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

தட்டுகளைத் திறந்தால் முதலில் இருந்தது கோழி. சைவ விசேஷம் என்று எத்தனையோ முறை சொல்லி, வாட்ஸப்பிலும் எழுதியிருந்தேன். அப்பச்சியும் ஆத்தாவும் மாலையோடு நிற்கிற இடத்தில் கோழி வறுவல். பையனிடம் கேட்டால், “செட்டிநாடு ஆர்டர்னா சிக்கன் சேர்த்துத்தான் போகும், இது ஃப்ரீ” என்கிறான். அதை உடனே வேனுக்குத் திருப்பி அனுப்பினோம். ஆனால் அதே கரண்டி மற்றத் தட்டுகளிலும் பட்டிருக்குமோ என்று வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டார்கள்.

மற்றதையும் சொல்கிறேன். உருண்டைக் குழம்பு என்று வந்தது சாம்பாரில் ஊறிப்போன மசால் வடை. பருப்பைக் கரகரப்பாக அரைத்து, உருட்டி, கொதிக்கிற புளிக்குழம்பில் ஒவ்வொன்றாக விட்டு, உடையாமல் வேக வைக்கிற பக்குவம் அதில் எங்கே இருக்கிறது? மண்டியில் களைந்த தண்ணீரின் வாடையே இல்லை, வெண்டைக்காய் போட்ட புளித்தண்ணீர், மேலே பட்டை வாசனை வேறு. வெள்ளைப் பணியாரம் கிடையவே கிடையாது. அதற்குப் பதிலாக இட்லி மாவில் சுட்டு ஆறிப்போன குழிப்பணியாரம், பாதி கருகல்.

கவுனி அரிசியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. வந்தது புளூட் ஹித்தாம். இங்கே மலாய்க் கடைகளில் தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சுவார்களே, அதே. அது நல்ல பண்டம், நான் விரும்பிச் சாப்பிடுவேன். அரிசியும் கறுப்பு ஒட்டரிசிதான், கவுனிக்கு உறவு. ஆனால் கவுனி என்பது பர்மாவில் லேவாதேவி செய்தவர்கள் கப்பலில் ஊருக்குக் கொண்டுவந்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறி, விசேஷ வீட்டுக்கென்றே வைத்துக்கொண்ட பலகாரம். இந்தியாவிலிருந்து இறக்குகிறேன் என்று காசு வாங்கிவிட்டு, பக்கத்துக் கடைக் கஞ்சியை ஊற்றி அனுப்பியிருக்கிறார். அப்பச்சி ஒரு வாய் எடுத்துவிட்டு, “பரவாயில்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார். பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று சொன்னது எனக்குத் தெரியாதா?

மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி (தொழில் நடத்தும் கூடம்) வைத்துத் தொழில் செய்த செட்டியார்கள் 1859இல் கட்டிய கோயில் டேங்க் ரோடு கோயில். அத்தனை காலமாக இந்த ஊரில் இருக்கிற ஒரு சமூகத்தின் சாப்பாட்டை வெறும் பலகைப் பெயராக ஆக்கிவிட்டார்கள். மீன்தலைக் கறி சிங்கப்பூரில் பிறந்தது, அதை அதன் பெயரிலேயே பெருமையாக விற்கிறார்கள். செட்டிநாட்டுச் சமையல் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே. நான் வேறு இடம் பார்த்திருப்பேன்.

பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். “எல்லாரும் சாப்பிட்டாங்கல்ல அக்கா? மிச்சம் ஒண்ணும் திரும்பி வரலையே” என்றார். கோழியைப் பற்றிக் கேட்டால் “பையன் புதுசு.” பணியாரம் எங்கே என்றால் “மாஸ்டருக்கு உடம்பு சரியில்ல.” அடுத்து விசாரித்தபோது மாஸ்டர் ஊருக்கே போய்விட்டார். நேரில் போனேன். கல்லாவில் இருந்த பெண், “முதலாளி மலேசியா போயிருக்காரு, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றது. அவர் குரல் சமையல்கட்டிலிருந்து எனக்குக் கேட்கிறது! வாட்ஸப்பில் படங்கள் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக வந்த ஒரே பதில்: “அடுத்த ஆர்டர்ல 100 வெள்ளி கழிச்சுக்கலாம்.” 1,860 வெள்ளியை விழுங்கிவிட்டு, இன்னொரு ஆர்டர் கொடு என்கிறார். அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கடிதம் எழுதுவார்கள், சமரசம் பேசுவார்கள், கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் சிறு உரிமைக்கோரல் மன்றத்துக்கும் போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. 5,000 வெள்ளிக்குள் என்றால் நம்மைப் போன்ற தனியாட்களுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். எல்லாம் இணையத்திலேயே பதியலாம்.

இன்னும் விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பேநவில் கடையின் பதிவு எண்ணுக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் ‘சைவம் மட்டும்’ என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டரிங் அனுமதி இருக்கிறதா என்று சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்தில் பாருங்கள். வருகிற சாப்பாட்டில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நேரம் ஒட்டியிருக்க வேண்டும், எங்களுக்கு வந்ததில் ஒரு தாளும் இல்லை. தட்டைத் திறந்ததும் முதலில் படம் எடுங்கள், பிறகு சண்டை போடுங்கள். ருசி பார்க்கக் கொடுக்கிற பணியாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதை எந்த வீட்டு ஆச்சியிடம் சுட்டு வாங்கி வைத்திருந்தாரோ.

இந்த வாரக் கடைசியில் இதே மாதிரி ஒரு கடைக்கு மீதிப் பணம் கட்ட இருக்கிறவர்கள், ரசீது கைக்கு வரும்வரை கட்டாதீர்கள். மன்றத்தில் தேதி கொடுத்ததும் 1,860 வெள்ளி என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.