மலைச்சரிவில் மின்சார சைக்கிள்: 21 கியரிலிருந்து 9 கியருக்கு

கோத்தகிரியில் வசிக்கும் நான் கடந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு மின்சார மலை சைக்கிள்களை ஓட்டியிருக்கிறேன். அரவேனுப் பக்கம் இறங்கி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் ஜல்லிப் பாதைகள் வழியாக வீடு திரும்புவதுதான் என் வழக்கமான சுற்று. வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை கியர் வேண்டும்?" என்பதைத்தான். நானும் அந்தக் கேள்வியோடுதான் கடைக்குப் போனேன்.

முதல் சைக்கிளை 21 கியர் என்று சொல்லி விற்றார்கள். முன்னால் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள், பின்னால் 14 முதல் 28 பல் வரையிலான ஏழு சக்கரங்கள், பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் ஹப் மோட்டார். வாங்கிய சில வாரங்கள் கழித்து ஒரு மழைநாளில் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து வரும் எண் சிறிதானால் மிதிப்பது எளிது. 42ஐ 24ஆல் வகுத்தால் 1.75, 34ஐ 20ஆல் வகுத்தால் 1.70, 24ஐ 14ஆல் வகுத்தால் 1.71. மூன்று வெவ்வேறு கியர்களாக எண்ணப்பட்டவை காலுக்கு ஒன்றேதான். இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுபவற்றையும், செயின் கோணலாக ஓடுவதால் தவிர்க்க வேண்டியவற்றையும் கழித்தால் உண்மையில் பயன்படுபவை பத்துப் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

இந்தியாவில் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாத மின்சார சைக்கிளில் மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவியை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே கியர்களுக்கு உரிய உண்மையான வேலை, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்துக்கும் 25க்கும் இடைப்பட்டதுதான். அதற்கு மேற்பட்ட வேகம் இறக்கத்தில் மட்டுமே வருகிறது. நீலகிரியின் வளைவுகளில் இறங்கும்போது என் கவனமெல்லாம் பிரேக்கில்தான் இருக்கும், பெடலில் இருப்பதில்லை.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன்பக்க டிரெய்லியர்தான் என் பொறுமையைச் சோதித்தது. செங்குத்தான ஏற்றத்தில் 34லிருந்து 24க்கு மாற்றும்போதெல்லாம் செயின் உள்பக்கமாகக் கழன்று விழுந்தது. எட்டு மாதம் பொறுத்த பிறகு அதைக் கழற்றிவிட்டு, முன்னால் 30 பல் கொண்ட ஒற்றைச் சக்கரமும் பின்னால் 14 முதல் 34 பல் வரையிலான, ஹப்பில் திருகிப் பொருத்தும் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலும் போட்டேன். 21 என்பது 7 ஆகிவிட்டது. ஆனால் எளிய கியரின் விகிதம் 0.86லிருந்து 0.88க்குத்தான் மாறியது, அதாவது ஏறும் திறனில் நான் இழந்தது எதுவுமில்லை. மேல்முனையிலும் நிமிடத்துக்கு 88 சுற்று மிதித்தால் 25 கிலோமீட்டரை எட்ட முடிந்தது. குறை ஒன்றுதான்: அந்த ஃப்ரீவீலில் 24 பல்லுக்கு அடுத்தது நேராக 34. இருட்டில் படி முடிந்துவிட்டது தெரியாமல் காலை வைத்ததுபோல் கால் திடீரென்று வெறுமையில் சுழலும். திருகாமல் செருகிப் பொருத்தும் தொகுதியான ஒன்பது கியர் கேசட் போடலாம் என்று பார்த்தால், அந்த மோட்டார் திருகு ஃப்ரீவீலை மட்டுமே ஏற்கும் வகையைச் சேர்ந்தது. வாங்கும்போது கியர் எண்ணிக்கைக்குப் பதிலாக நான் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

ஹப் மோட்டாருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அது சக்கரத்தோடு பிணைந்தது என்பதால், கியரைக் குறைப்பது நம் காலுக்கு மட்டுமே உதவுகிறது; மோட்டாருக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. நீண்ட ஏற்றத்தில் 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் மின்சாரத்தின் கணிசமான பகுதி வெப்பமாகிப் போகிறது. மேலே சேர்ந்ததும் ஹப்பில் கைவைக்க முடியாது.

இரண்டாவது சைக்கிளின் மோட்டார் பெடல்கள் மாட்டிய கிராங்க் அருகில், நடுவில் இருக்கிறது. 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 29 அங்குலச் சக்கரம், 11-50 கேசட்டுடன் 12 கியர். இங்கே மோட்டாரும் செயின் வழியாகவே சக்கரத்தை இயக்குவதால் கியர் குறைக்கும்போது அதற்கும் சுமை குறைகிறது. முன்பு இறங்கித் தள்ளிய பாதைகளில் உட்கார்ந்தபடியே ஏற முடிந்தது. ஆனால் என் காலின் பலமும் மோட்டாரின் பலமும் அந்த ஒரே செயினின் மீதுதான் விழுகின்றன. முழு உதவியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று கியர்களைச் சேர்த்து மாற்றும் பழைய பழக்கத்தை நான் விடாததால், 900 கிலோமீட்டரிலேயே செயின் தேய்மானக் கருவியின் 0.5 அளவை, அதாவது மாற்ற வேண்டிய நிலையை, தொட்டது. அடுத்த செயின் ஒரு தோட்டத்து ஏற்றத்தில் 'டக்' என்ற சத்தத்தோடு அறுந்தது. 25 கிலோ எடையுள்ள வண்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நெருக்கமான 12 கியரின் இன்னொரு தொல்லை, அதன் துல்லியம். கல்லில் சாய்ந்து விழுந்து பின் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் இம்மியளவு வளைந்தாலும் நடுக் கியர்கள் தடுமாறும். சரிசெய்ய ஒவ்வொரு முறையும் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது.

மின்சார சைக்கிளுக்குக் குறைந்த கியரே போதும் என்ற எண்ணம் புதிதன்று. சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் 2016லேயே இஎக்ஸ்1 என்ற பெயரில், இவற்றுக்கென்றே எட்டுக் கியர் கொண்ட 11-48 கேசட்டை வெளியிட்டது. அதில் ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் மட்டுமே மாறும். 12 கியருக்குப் பதிலாக நான் தேர்ந்தெடுத்தது, இன்னொரு பாகத் தயாரிப்பாளரான ஷிமானோவின் கியூஸ் வரிசையில் ஒன்பது கியர், 11-46. முன்னால் 34 பல்லோடு இதன் எல்லை 0.74 முதல் 3.09 வரை, அந்தப் பழைய 21 கியரின் எல்லையைவிட இது அகலம். ஒன்பது கியர் என்றால் செயின் தடிமனாக இருக்கும் என்று எண்ணி வாங்கினேன். அது என் தவறு. கியூஸில் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்றுக்கும் ஒரே பதினொரு கியர் செயின்தான். உறுதி, தடித்த பற்களில் இருக்கிறது. முந்தைய வகையைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்பது ஷிமானோவின் கூற்று. என் கணக்கில் செயின் 2,300 கிலோமீட்டர் ஓடிய பின்தான் அதே 0.5ஐத் தொட்டது. மாற்றுவதற்கு முன் அரைச் சுற்று காலைத் தளர்த்தப் பழகிக்கொண்டதற்கும் அதில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுமையிலும் தயங்காமல் மாறும் 12 கியர் அமைப்பை ஸ்ராம் 2023இல் கொண்டுவந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த விலைக்கு என் முதல் சைக்கிளையே மறுபடியும் வாங்கிவிடலாம்.

புதிய கேசட் கனமானது. இந்த எடையுள்ள வண்டியில் அது எனக்குத் தெரியவேயில்லை. 50 பல் சக்கரத்தை நினைத்து நான் ஏங்கியது ஒரே ஒரு நாள்தான்: கோடநாடு காட்சிமுனையிலிருந்து திரும்பும் வழியில், வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோயிற்று. அடுத்த செயின் மாற்றும்போது முன்பக்கப் பல்சக்கரத்தை 32 பல்லாக்கிவிட எண்ணியிருக்கிறேன். எளிய கியர் அப்போது கிட்டத்தட்டப் பழைய 50க்குச் சமமாகிவிடும்.