குட்டிக்கு முதல் ஊசி போடணுமா? எங்க ஏரியா வெட் கிளினிக், 5க்கு 4

எங்க தெருமுனை கிளினிக் பத்தி கேட்டா பாதி பேரு "அந்த டாக்டரா, ஆமை வேகம், உக்காந்து உக்காந்து இடுப்பு போயிரும்"னு தான் சொல்லுவாங்க. எனக்கு அவர்கிட்ட பிடிச்சதே அது தான்.

நாட்டு நாய்க்குட்டி, ஒன்றரை மாசம் இருக்கும், டக்குனு ஒரு ஊசிய போட்டுட்டு வந்துரலாம்னு தான் அம்மாவும் நானும் தூக்கிட்டு போனோம். மனுஷன் ஊசி பக்கமே போகல. வெயிட் போட்டாரு, ஜுரம் பாத்தாரு (102 காட்டுச்சு, நாங்க பதறிட்டோம், நாய்க்கு அது நார்மலாம்), அப்புறம் உதட்ட தூக்கி ஈறு பாத்தாரு, வெளுத்து போயிருந்துச்சு, உடம்பு எலும்பா இருக்கு வயிறு மட்டும் உப்பிக்கிட்டு. "இன்னிக்கு ஊசி வேணாம்மா, மொதல்ல பூச்சி போகட்டும்"னு சொல்லி எடைக்கு தகுந்த மாதிரி சிரப்ப ஊசியில்லாத சிரிஞ்சுல எடுத்து வாயோரமா கொஞ்சம் கொஞ்சமா விட்டாரு. மறுநாள் வெளிய வந்ததெல்லாம் பாத்துட்டு அம்மா ரொம்ப நாளைக்கு சேமியா பக்கமே போகல. இத 2 வாரத்துக்கு ஒரு தடவ 3 மாசம் வரைக்கும் குடுக்கணும், அப்புறம் 6 மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவ.

அடுத்த வாரம் தான் ஊசி. ஃபிரிட்ஜ்லேந்து எடுத்து எக்ஸ்பயரி தேதிய நம்மகிட்ட காட்டி, பவுடர் பாட்டில்ல தண்ணி மருந்த கலந்து போட்டுட்டு அந்த பாட்டில் மேல இருக்குற ஸ்டிக்கர உரிச்சு கார்டுல ஒட்டி கையெழுத்து போடுறாரு. இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு கடைல லேப்ரடார் குட்டி வாங்கினாங்க, "ரெண்டு ஊசி போட்டாச்சு சார்"னு கார்டு குடுத்தாங்க, அதுல ஸ்டிக்கரும் இல்ல தேதியும் இல்ல, குட்டி பார்வோல (குட்டிங்களுக்கு ரத்தபேதி வர்ற வைரஸ் நோய்) போயிருச்சு. பூச்சி மருந்து குடுத்துட்டே ஊசி போட்டாச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, உஷாரா இருங்க.

ஒரே ஊசில ஏன் முடியாதுன்னு கேட்டேன், தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி உடம்புல இருக்குற வரைக்கும் அதுவே ஊசி மருந்த அமுக்கிரும், எப்போ தீரும்னு குட்டிக்கு குட்டி மாறும், அதனால தான் 3, 4 வாரத்துக்கு ஒண்ணுன்னு 16 வாரம் வரைக்கும் போடுறதுன்னாரு. ரேபிஸ் 3 மாசத்துல தனியா. ஊசி எல்லாம் முடியுற வரைக்கும் தெருவுல இறக்கி விடக்கூடாது, பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங் தண்ணி தான். வீட்ல பூனை இருந்தா பினாயிலே வேணாம்னு ஒரு அதட்டல் வேற.

பூனைக்குட்டிக்கும் இவர் தான். தங்கச்சி எங்கேயோ தூக்கிட்டு வந்த குட்டிக்கு மாட்டுப்பால் ஊத்தி ஒரே பேதி, அத நிறுத்திட்டு பூனைக்குட்டிக்குன்னே வர்ற பால் பவுடர் எழுதி குடுத்தாரு, மல்லாக்க போட்டு ஊட்டாம குப்புற வெச்சு ஊட்ட சொல்லி செஞ்சே காட்டினாரு. ஜுரம்னா நம்ம பாராசிட்டமால் ஒரு துளி கூட கூடாது, பூனைக்கு உயிரே போயிரும். நாய்க்கு உண்ணிக்கு போடுற மருந்தையும் பூனைக்கு போடக்கூடாது, சிலது விஷம்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா உக்கார்ற இடம் தான். ஒரே ரூம், ஊசியே போடாத குட்டிங்களும் ரத்தபேதி கேஸும் பக்கத்து பக்கத்துல. இவ்ளோ விவரம் சொல்ற டாக்டர் இத எப்டி விட்டாருன்னு தெரியல. அப்புறம் மருந்து கவுன்டர் தம்பி, டாக்டர் எழுதாத கால்சியம் சிரப், ஷாம்பூ எல்லாம் பில்லுல ஏத்துவாப்ல, சீட்ட பாத்து வாங்குங்க.

கன்சல்டிங் 300, ஊசிக்கு தனி, ஞாயிறு லீவு. டோக்கன் போட்டுட்டு குட்டிய தரைல விடாம வெளிய வண்டியிலயே வெச்சிருங்க, கூப்பிடுவாங்க. மாநகராட்சி லைசென்ஸுக்கு ரேபிஸ் சர்டிபிகேட் வேணும்னா அன்னிக்கே கேட்டு வாங்கிருங்க, அப்புறம் போனா மறுபடியும் அதே க்யூ தான்.