நவம்பர் ஈரத்துக்கு எந்த சைக்கிள்: ஹப் கியரா, டெரெய்லரா?

ஆபீஸ் போறதுக்கு இல்ல, ரேஸும் இல்ல, சும்மா சாயங்காலம் ஒரு ரவுண்டு, சனிக்கிழமைன்னா கொஞ்சம் நீட்டி ஒரு ரவுண்டு, அப்படி ஓட்டறவங்களுக்காக இதை எழுதறேன். இடம் நெதர்லாந்து, ஐந்தோவன் சுத்துவட்டாரம். இங்க ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் எந்த சைக்கிளா இருந்தாலும் ஒண்ணுதான், கண்ணுக்குப் புடிச்சதை வாங்கிக்கலாம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் சைக்கிளோட குணம் தெரியும். நவம்பர் நடுவுல அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும், மழை பெய்யாத நாள்லகூட ரோடு காயாது, ஓக் மரத்து இலை பூரா சைக்கிள் பாதையில விழுந்து நசுங்கிக் கூழா கிடக்கும், போதாக்குறைக்கு சுகர் பீட் அறுவடை நடக்கற சமயம், டிராக்டர் வயல்லேருந்து சேத்தை இழுத்துட்டு வந்து ரோட்டுல போட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிடும்.

என்கிட்ட முன்னாடி இருந்தது டெரெய்லர் வச்ச ஹைப்ரிட் (ரோடு பைக்கும் மவுண்டன் பைக்கும் கலந்த வகை), முன்னாடி 3 பல்சக்கரம் பின்னாடி 8, டிஸ்க் பிரேக். அதை வித்துட்டு 8 கியர் ஹப் வச்ச டச்சு சிட்டி பைக் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். அதனால நான் எந்தப் பக்கம் சாய்வேன்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா. நம்ம ஊர்ல கியர் சைக்கிள்னு சொல்றது டெரெய்லர், செயினைத் தூக்கி ஒரு பல்சக்கரத்துலேருந்து இன்னொண்ணுல போடும், எல்லாமே வெளிய தெரியும். ஹப் கியர்ல பின் சக்கரத்து நடுவுல ஒரு தடிமனான டப்பா மாதிரி இருக்கும், பல்சக்கரம் எல்லாம் அதுக்குள்ள, வெளிய ஒரே ஒரு பல்சக்கரம், செயின் நேரா ஓடும், பக்கவாட்டுல நகரவே நகராது. ஷிமானோ நெக்ஸஸ் 7, நெக்ஸஸ் 8 ரெண்டும்தான் இங்க தெருவுல அதிகமா கண்ணுல படறது. செயின் நகராததால அதை முழுசா ஒரு கவருக்குள்ள மூடிடலாம். நம்ம தாத்தா காலத்துக் கருப்பு ஹெர்குலிஸ்ல ஃபுல் செயின் கவர் இருக்குமே, வேட்டி மாட்டாம இருக்க, அதேதான். டெரெய்லருக்கு அப்படி மூட வழி கிடையாது.

சட்டுனு முடிக்க வேண்டியதை முதல்ல முடிச்சிடறேன். மட்கார்டு ரெண்டு வகைக்குமே வேணும், ஹைப்ரிட்ல இல்லைன்னா மாட்டிக்கணும், இல்லாட்டி முதுகுல ஒரு பழுப்புக் கோடு விழும். டயரும் அப்படித்தான், பஞ்சர் தடுக்கற தடிமனான டயர் ரெண்டுலயும் போடலாம், கனமா இருந்தாலும் இருட்டுல மழையில பஞ்சர் ஒட்டறதை நினைச்சா கனம் பரவாயில்ல. லைட் சட்டப்படி கட்டாயம், முன்னாடி வெள்ளையோ மஞ்சளோ, பின்னாடி சிவப்பு, மினுக்கக் கூடாது. சிட்டி பைக்ல பல மாடல்ல முன் சக்கரத்து ஹப்புலயே டைனமோ இருக்கும், சார்ஜ் போட மறந்துட்டோமேன்னு கவலை கிடையாது. ஹைப்ரிட்ல தனியா வாங்கி மாட்டணும், அதுவும் பெரிய விஷயம் இல்ல.

பிரேக் பத்தி எல்லாரும் கேப்பாங்க. என் சிட்டி பைக்ல ரோலர் பிரேக், அதுவும் ஹப்போட ஒட்டி மூடினது, மழையோ வெயிலோ பிடிக்கறது ஒரே மாதிரி, ஆனா அந்தப் பிடி சுமார்தான். ஹைட்ராலிக் டிஸ்க் பிடி இதைவிட எவ்வளவோ ஜோர். நனைஞ்ச இலைக் கூழ் மேல எந்த பிரேக்கோட பருப்பும் வேகாதுங்க, திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கிட்டு, இலை மேல ஏறினதுக்கப்புறம் ஹேண்டில்பாரையும் திருப்பாம பிரேக்கையும் தொடாம உருட்டிட்டுப் போறதுதான் வழி. செங்கல் பதிச்ச ரோட்டுல இன்னும் ஜாக்கிரதை. அதனால பிரேக்கை வச்சு நான் முடிவு பண்ணலை.

முடிவு பண்ண வச்சது செயின் மட்டும்தான். இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஐந்தோவன் இருக்கிற பிராபண்ட் மாகாணம் மணல் பூமி. ஊரைவிட்டு வெளிய வந்து ஹேஸ், கெல்ட்ராப் பக்கம் இருக்கிற ஸ்ட்ராப்ரெக்ட்ஸ ஹைடங்கற புதர்வெளிக்குப் போனீங்கன்னா தார் ரோடு முடிஞ்சு மண் பாதை ஆரம்பிக்கும், வெள்ளையா சன்னமான மணல். கோடையில தூசியா பறக்கறது நவம்பர்ல தண்ணியோட சேந்து சக்கரம் சுத்தறப்ப அப்படியே செயின் மேல அடிக்கும். செயின்ல இருக்கிற ஆயில் அந்த மணலைப் புடிச்சு வச்சுக்கும், மழைத் தண்ணி நல்ல ஆயிலைக் கழுவிட்டு மணலை மட்டும் விட்டுட்டுப் போகும், அப்புறம் நீங்க மிதிக்க மிதிக்க செயினோட பின்னும் ரோலரும் உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி உள்ளுக்குள்ள தேயும். செயின் நீளுதுன்னு சொல்றாங்களே, இரும்பு இழுபடறது இல்ல அது, ஒவ்வொரு மூட்டுலயும் பின் தேஞ்சு இடைவெளி கூடிக்கிட்டே போறது. ஒரு ஸ்கேலை வச்சே பாத்துடலாம், புது செயின்ல 12 முழு கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கும், அது ஒண்ணரை மில்லிமீட்டர் கூடிடுச்சுன்னா செயினை மாத்தணும், மூணு மில்லிமீட்டர் கூடற வரைக்கும் விட்டீங்கன்னா பின்னாடி இருக்கிற கேசட்டோட, அதாவது பல்சக்கர அடுக்கோட பல்லையும் சேத்துத் தின்னுடும், அப்புறம் புது செயின் மாட்டினாலும் வழுக்கும், ரெண்டையும் சேத்து வாங்கணும்.

இதுக்கு மருந்து என்னன்னா துடைக்கறது. ஈரத்துல ஓட்டிட்டு வந்தா அன்னைக்கே துணியால செயினைத் துடைச்சு, காய விட்டு, ஆயில் போட்டு, மிச்சத்தைத் துடைக்கணும். கேக்க சுலபமாத்தான் இருக்கு. தோட்டத்துல தண்ணிக் குழாய், பைப் எல்லாம் இருக்கிற தனி வீட்டுக்காரங்களுக்கு சுலபம்தான். நம்மாளுங்க பாதிப்பேர் இருக்கிறது அபார்ட்மெண்ட்ல, சைக்கிள் நிக்கறது கீழ பெர்கிங்னு சொல்ற சின்ன ஸ்டோர் ரூம்ல, எங்க பெர்கிங்ல குழாயே கிடையாது, ஒத்தை பல்பு, வெளிய அஞ்சு டிகிரி, கை விறைச்சுப் போயிருக்கும், மேல இட்லி ஆறிக்கிட்டிருக்கும். அந்த நேரத்துல பல் தேய்க்கற பிரஷ்ஷை வச்சுக்கிட்டு கேசட் இடுக்குல மாட்டின இலைத் துணுக்கை நோண்டணும், எட்டு பல்சக்கரத்துக்கு நடுவுல ஏழு இடுக்கு. ஒரு வாரம் செய்வோம், ரெண்டு வாரம் செய்வோம், மூணாவது வாரம் மழை பெய்யப் போகுதான்னு பாக்க ரேடார் ஆப்பைத் திறக்கறப்பவே மனசு கணக்குப் போடும், அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து இருபது நிமிஷம் துடைக்கணுமா, வேண்டாம் விடுன்னு. செலவைவிட எனக்கு இதுதான் உறுத்துச்சு. செயின் ஒண்ணும் சொத்து எழுதற விலை இல்ல, ஆனா துடைக்கற சோம்பேறித்தனத்துல சைக்கிள் எடுக்கறதே நின்னு போச்சுன்னா அப்புறம் எதுக்கு சைக்கிள்.

மூடின செயின்ல இந்தக் கதையே இல்ல. மழை, மணல், இலை எதுவும் உள்ள போறது அபூர்வம். வந்தோமா, பூட்டினோமா, மேல போனோமான்னு இருக்கலாம். எப்பவாவது கவரைத் திறந்து ஆயில் விட்டா சரி, அதுவும் நான் பாத்த வரைக்கும் உள்ள செயின் எண்ணெய்ப் பசையோடதான் இருந்துச்சு. குளிர் இன்னும் ஏறினதும் ரோட்டுல உப்பு தூவ ஆரம்பிப்பாங்க, சைக்கிள் பாதையிலயும் தூவுவாங்க, திறந்த செயினுக்கு அது விஷம், ஒரே ராத்திரியில துரு மஞ்சளா பூத்துடும். மூடின செயினுக்கு அந்த பயமும் குறைவு.

இன்னொண்ணு, நின்ன இடத்துல கியர் மாத்தலாம். டெரெய்லர்ல மிதிச்சுக்கிட்டே தான் மாத்த முடியும், இருட்டுல திடீர்னு சிக்னலோ நாய் கூட்டிட்டு வர்றவங்களோ குறுக்க வந்து நின்னுட்டா பெரிய கியர்லயே மாட்டிக்கிட்டு முக்கி முக்கிக் கிளம்பணும். ஹப்ல நின்னுக்கிட்டே ஒண்ணாவது கியருக்குத் திருப்பிட்டுக் கிளம்பலாம். ஓடறப்ப மாத்தினா மட்டும் ஒரு நொடி மிதியை லேசாக்கணும், பழகிடும்.

சரி, டெரெய்லருக்கு சாதகமா சொல்ல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. கனம் முதல் விஷயம். ஹைப்ரிட் 13, 14 கிலோன்னா சிட்டி பைக் 18, 20 கிலோ வரும், மூணாவது மாடிக்குத் தூக்கற வேலை இருந்தா யோசிங்க. ரெண்டாவது, கியரோட வீச்சு. நெக்ஸஸ் 7ல பெரிய கியருக்கும் சின்ன கியருக்கும் வித்தியாசம் 244 சதவீதம், நெக்ஸஸ் 8ல 307, என் பழைய ஹைப்ரிட் மாதிரி 3க்கு 8ல ஏறக்குறைய 500 வரும். ஐந்தோவன் தட்டையான ஊரு, மேம்பாலத்தைத் தவிர ஏத்தமே கிடையாது, அதனால 307 தாராளம். ஆனா காத்து இருக்கே, நவம்பர்ல தென்மேற்குலேருந்து அடிக்கற காத்து, கால்வாய் ஓரமா மறைப்பு இல்லாத இடத்துல எதிர்ல வந்தா, சிட்டி பைக்ல நிமிந்து உக்காந்திருக்கிற நாம பாய்மரம் கட்டினாப்லதான், ஹைப்ரிட்ல குனிஞ்சுக்கலாம், கியரும் கிட்டக் கிட்ட இருக்கும், காலுக்குத் தோதா ஒண்ணு அமையும். இந்த ஒரு விஷயத்துல பழைய வண்டியை நான் இன்னமும் நினைச்சுப்பேன். போறப்ப எதிர்க் காத்துல போயிட்டு வர்றப்ப முதுகுல காத்து வாங்கற மாதிரி ரூட்டைப் போட்டுக்கறது தான் இப்ப நான் பண்ற சமாளிப்பு.

மூணாவது, பின் சக்கரத்தைக் கழட்டறது. ஹைப்ரிட்ல ஒரு லீவரைத் திருப்பினா கையோட வந்துடும். ஹப்ல கியர் கேபிளைக் கழட்டி, பிரேக் கையைக் கழட்டி, செயின் கவரைத் திறந்து, ரெண்டு பக்கமும் 15 நம்பர் ஸ்பேனர் போட்டு, அப்பாடா. பஞ்சருக்கு மட்டும் இவ்வளவு தேவையில்ல, நம்ம ஊர் பஞ்சர் கடையில சக்கரத்தைக் கழட்டாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபை வெளிய இழுத்து தண்ணியில முக்கிப் பாப்பாங்க இல்ல, டச்சுக்காரங்களும் அதையேதான் பண்றாங்க. டயரையே மாத்தணும்னா கடையில விட்டுடுங்க.

நாலாவது, உறையற குளிர். கேபிளுக்குள்ள தண்ணி போய் உறைஞ்சுட்டா கியர் மாறாது, இது ரெண்டு வகையிலயும் வரும். ஜனவரியில இங்க ஐஸ் பிடிச்ச நாள்ல நான் சைக்கிளைத் தொடறதே இல்ல, அதனால ஹப்புக்குள்ள இருக்கிற கிரீஸ் கடுங்குளிர்ல எப்படி நடந்துக்கும்னு என் அனுபவத்துல சொல்ல எதுவும் இல்ல. செயினுக்கு பதிலா பெல்ட் போட்ட ஹப் சைக்கிளும் வருது, ஆயிலே வேணாம், துருவும் கிடையாது, நண்பரோடதை ஒரு தடவை ஓட்டிப் பாத்ததுல சத்தமே இல்லாம சுகமா இருந்துச்சு, ஆனா ஒரு மழைக்காலம் பூரா வச்சு ஓட்டினாத்தான் எதையும் அடிச்சுச் சொல்ல முடியும், விலையும் கூட. எலெக்ட்ரிக் பக்கம் நான் போகவே இல்ல.

ஹப்புக்கு பராமரிப்பே இல்லைன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. உள்ள ஆயில் போடற வேலை இருக்கு, தினமும் ஓட்டறவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கடையில குடுத்து ஹப்போட உள்பாகத்தை வெளிய எடுத்து ஆயில்ல முக்கி மாட்டச் சொல்லணும், நம்ம ஊர் பாஷையில ஓவராயில். அது நம்ம பெர்கிங்ல செய்யற வேலை இல்ல, கூலி குடுக்கணும். கேபிள் டியூனிங் மட்டும் நாமளே பண்ணலாம், நாலாவது கியர்ல வச்சுட்டு பின் ஹப்புகிட்ட குனிஞ்சு பாத்தா ரெண்டு மஞ்சள் கோடு தெரியும், அது நேருக்கு நேரா இருக்கணும், இல்லைன்னா ஹேண்டில் பக்கத்துத் திருகை ஒரு சுத்து ரெண்டு சுத்து திருப்பினா சரியாயிடும்.

லிம்பர்க் பக்கம், அதாவது ஃபால்கன்பர்க், ஃபால்ஸ் மாதிரி மேடு உள்ள ஊர்ல இருக்கிறவங்களும், ஒரே நாள்ல எண்பது நூறு கிலோமீட்டர் போற ஆசை உள்ளவங்களும், வீட்டு வாசல்லயே தண்ணிக் குழாய் இருக்கிறவங்களும் டெரெய்லரே எடுங்க, நான் தடுக்க மாட்டேன். மத்தவங்களுக்கு என் ஓட்டு ஹப் கியருக்கு, அதுலயும் 7 கியர் போதும், 8க்கு ஏங்க வேண்டாம், காத்து அதிகமா உள்ள வெட்டவெளிப் பக்கம் குடியிருந்தா மட்டும் 8 பாருங்க.

புதுசா வாங்கணும்னு அவசியம் இல்ல, மார்க்ட்பிளாட்ஸ்ங்கற செகண்ட் ஹேண்ட் சைட்ல நிறைய வரும், செப்டம்பர் கடைசியில காலேஜ் பசங்க வாங்கி முடிச்சதுக்கப்புறம் தேடிப் பாருங்க. போய்ப் பாக்கறப்ப எல்லா கியரையும் மிதிச்சுப் பாருங்க, எந்தக் கியர்லயாவது மிதி சட்டுனு வழுக்கி, கேபிளை மஞ்சள் கோட்டுக்குச் சரி பண்ணின அப்புறமும் வழுக்குச்சுன்னா ஹப் உள்ள தேஞ்சிருக்கலாம், விட்டுடுங்க. பின் சக்கரத்தைப் புடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க, கோட்டம் இருக்கான்னு சுத்திப் பாருங்க, செயின் கவர்ல விரிசல் இருக்கான்னு பாருங்க, விரிசல் வழியா தண்ணி போச்சுன்னா நான் மேல சொன்ன அத்தனையும் வீண். ஃபிரேம் நம்பரை போலீசோட ஸ்டாப் ஹேலிங் சேவையில அடிச்சு திருட்டு வண்டியான்னு பாத்துட்டு அப்புறமா காசைக் குடுங்க.