வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள்: கள ஆய்வுக்கு எவ்வளவு தாங்கும்?

மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை ஆய்வு செய்ய இறங்குபவர்களுக்கு முதல் சிக்கலே யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான். அதற்குப் பல நாடுகளில் பயன்படும் கருவி, வாஷிங்டன் குழுவின் குறுங்கேள்வித் தொகுப்பு. ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த குழு இது. கேள்வித்தாளும் வழிகாட்டியும் கணக்கிடும் முறையும் அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கண்ணாடி போட்டாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? காதுக்கருவி வைத்தாலும் கேட்பதில்? நடப்பதில் அல்லது படியேறுவதில்? ஞாபகம் வைப்பதில், கவனம் செலுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில்? வழக்கமாகப் பேசும் மொழியில் புரிந்துகொள்வதில், புரியவைப்பதில்? இவ்வளவுதான் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், அறவே முடியாது. ஏதாவது ஒன்றில் கடைசி இரண்டில் ஒன்று வந்தால் அவர் கணக்கில் சேருவார். பழகிவிட்டால் ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

'ஊனம்', 'மாற்றுத்திறனாளி' என்ற பேச்சே எழாமல் கேட்பதுதான் இதன் பெரிய பலம். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இவர் உடலாலோ மனதாலோ ஊனமுற்றவரா என்று நேராகவே கேட்டது; கிடைத்தது 2.21 சதவீதம். இலங்கை 2012இல் இந்த ஆறு திறன்களை ஒட்டிக் கேட்டது. 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 சதவீதம் வந்தது. வயது வரம்பு உட்படப் பலவும் வேறாக இருப்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் கேள்வி மாறினால் எண்ணும் மாறும் என்பதில் சந்தேகமில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் ஊனம் பற்றிக் கேட்டால் 'அப்படி யாரும் இல்லைங்க' என்ற பதில்தான் முதலில் வரும். மூட்டு தேய்ந்து திண்ணையை விட்டு இறங்க முடியாத பாட்டியை 'வயசாயிடுச்சு' என்று ஒதுக்கிவிடுவார்கள். பார்ப்பது, கேட்பது, படியேறுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அந்த வீட்டில் மறைக்கப்பட்டவரும் இந்தப் பாட்டியும் கணக்குக்கு வந்துவிடுவார்கள்.

களத்தில் கெடுவது பெரும்பாலும் கேட்பவரால்தான். 'வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்காங்களா' என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் ஆறு கேள்விகளுக்குப் போவார்கள். அங்கேயே கருவி செத்துவிடுகிறது. அடுத்த தவறு, நான்கு பதில்களையும் வாசிக்காமல் 'சிரமம் இருக்கா, இல்லையா' என்று கேட்டு, பதிலின் அளவைத் தாங்களே ஊகித்துக் குறிப்பது. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் நான்கையும் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணாடி போடுபவர், அதைப் போட்ட பிறகு எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும்; இல்லாதவருக்கு வெறும் கண்ணால் பார்க்கும் நிலைதான் பதில். காது கேளாதவருக்காக அவருடைய அண்ணனிடம் கேட்டு முடிப்பது எளிது. ஆனால் தொடர்பு பற்றிய பதில் அண்ணனுடைய சிரமத்தைச் சொல்லும், அவருடையதை அல்ல. சைகைமொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது ஆய்வுச் செலவில் சேர வேண்டிய ஒன்று.

கருவியிலேயே குறையும் உண்டு. மனநலம் இதில் சரியாகப் பிடிபடாது. கடுமையான மனச்சோர்வோடு இருப்பவர் ஆறுக்கும் 'சிரமம் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு 12 கேள்விகள் கொண்ட மேம்படுத்திய தொகுப்பை (WG-SS Enhanced) எடுங்கள். பதற்றம், மனச்சோர்வு பற்றிய கேள்விகள் அதில் உண்டு. கை சார்ந்த இரண்டு கேள்விகளும் உண்டு: இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடுப்பிலிருந்து கண் உயரத்துக்குத் தூக்க முடிகிறதா, பொத்தான் பென்சில் போன்ற சின்னப் பொருளை விரலால் எடுக்க முடிகிறதா. அவசியம் சேர்க்க வேண்டியவை. குழந்தைகளுக்கு இந்த ஆறும் போதாது. யுனிசெஃபுடன் சேர்ந்து உருவாக்கிய தனித் தொகுப்பு 2 முதல் 4 வரை, 5 முதல் 17 வரை என இரண்டு வயதுப் பிரிவுகளுக்கு இருக்கிறது.

உதவித்தொகை யாருக்கு என்று முடிவு செய்ய இதைப் பயன்படுத்தவே கூடாது. இந்தியாவில் பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத ஊனம் என்ற சான்றிதழ் கேட்கிறார்கள். அது மருத்துவ மதிப்பீடு, இந்தக் கேள்விகளோடு அதற்குத் தொடர்பில்லை. இதை வேலை, பள்ளி, வருமானம் பற்றிய கேள்விகளோடு சேர்த்து வைத்தால்தான் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஏன் விடுபட்டார்கள் என்பதை உட்கார்ந்து பேசித்தான் அறிய வேண்டும். மாதிரி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 500 பேரில் 5 சதவீதம் என்றால் 25 பேர், அவர்களை ஆண் பெண் என்றும் திறன்வாரியாகவும் பிரித்தால் சொல்லும்படி எதுவும் மிஞ்சாது.

கணினியில் ஏற்றும்போது ஒரு பொறி. பதில்களுக்கு 1 முதல் 4 வரை எண். சொல்ல மறுத்தவருக்கு 7, தெரியாது என்றவருக்கு 9. '3 அல்லது அதற்கு மேல்' என்று விரிதாளில் சூத்திரம் போட்டால் மறுத்தவர், தெரியாதவர் எல்லாரும் மாற்றுத்திறனாளி ஆகிவிடுவார்கள். 7, 9 இரண்டையும் விடுபட்ட தரவாக மாற்றிவிட்டு அதன் பிறகு எண்ணுங்கள்.