ஜொய்ஸ், ஷ்விற்றேர்ஸ், ஸ்ரைன்: வன்னிப் பேச்சுக்கு எது ஒத்துவரும்?

சொல்லை உடைத்து ஓசையை முன்னுக்குக் கொண்டுவரும் எழுத்தை வன்னித் தமிழில் செய்து பார்க்க விரும்புவோருக்கு மூன்று வழிகள் உண்டு: ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜொய்ஸின் சொற்கலப்பு, ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விற்றேர்ஸின் ஒலிக்கவிதை, அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்ரைனின் மீளச் சொல்லல். ஸ்ரைனின் வழியில் தொடங்குவதே நல்லது. ஜொய்ஸைக் கடைசிக்கு வையுங்கள்.

ஜொய்ஸ் 1939இல் வெளியிட்ட கடைசி நாவலில் இடிமுழக்கம்போல் ஒலிக்கும் பத்து நீண்ட ‘இடிச்சொற்கள்’ வருகின்றன. ஒன்பதில் 100 எழுத்துகள், பத்தாவதில் 101. ஆங்கில வாசகருக்கு அது அதிர்ச்சி. தமிழிலோ புணர்ச்சி அன்றாடம் சொற்களை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ‘வெயிலில்லை’ என்பதைப் பார்த்து எவரும் திடுக்கிடுவதில்லை. ஒரு சொல் மற்றதற்குள் புதைந்தால்தான் கலப்பு நிற்கும். ‘அறுவடை’யையும் ‘வடு’வையும் சேர்த்து ‘அறுவடு’ என்றால், வெட்டிய வயலும் தழும்பும் ஒரே மூச்சில் கேட்கின்றன. பக்கத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போனால் எழுத்துப்பிழை என்றே நினைப்பார்கள். ஒப்புநோக்குபவர் திருத்தியும் விடுவார்.

ஷ்விற்றேர்ஸ் 1932இல் முழுதாக அச்சிட்ட ‘ஊர்சோனாட்டே’ நான்கு பகுதிகளாக, பொருளற்ற அசைகளால் ஆனது. ஜெர்மன் எழுத்தில் வல்லோசையும் மெல்லோசையும் தனித்தனி. நாம் ‘பபப’ என்று எழுதினால் முதலாவது வலித்தும் மற்றவை தளர்ந்தும் வாயில் வரும். எல்லாம் வலிக்க வேண்டுமானால் ‘பப்பப்ப’ என்று இரட்டியுங்கள். அதிர வேண்டுமானால் ‘பம்பம்ப’ என்று மூக்கொலி சேருங்கள். இங்கே நமக்கொரு பெரிய வசதி உண்டு. ‘பத்து, பற்று, பட்டு’ மூன்றையும் ஈழத்து நாக்கு மூன்று இடத்தில் தட்டுகிறது. தமிழகத்தில் பலர் ‘ற்ற’வில் ரகரம் கலந்துவிடுவார்கள். ‘த்த, ற்ற, ட்ட’ வரிசையை மட்டும் வைத்தே பல்லிலிருந்து அண்ணத்துக்கு ஏறும் ஓர் ஓசைப்படி கட்டலாம்.

அசைகளின் அளவு குறிக்க, பாட்டின் ஓசையை வெறும் அசைகளால் காட்டும் திருப்புகழின் சந்தக் குழிப்பே போதும்: ‘தத்தத்தன தத்தத் தனதன’. ஆனால் முல்லைத்தீவுப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்த காது இதைத் தாளக்கட்டாக எடுத்து, பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்கும். ஆகவே மூன்றாம் வரியிலேயே ஓர் அசையைக் குறைத்து நடையை முறித்துவிடுங்கள்.

ஸ்ரைன் ஒரே சொல்லைச் சிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்பச் சொல்வார். ஆங்கிலத்தில் அந்த மாற்றத்துக்குச் சொல்வரிசையை அசைக்க வேண்டும். நமக்கு ஈற்றசை ஒன்றே போதும். குளம் நிரம்பி வழிவதை ‘வான் பாயுது’ என்போம்; அதை வைத்தே பாருங்கள்:

வான் பாயுது
வான் பாயுதாம்
வான் பாயுதோ
வான் பாயுதுதான்
வான் பாயுதெண்டால்

கண்டவர், கேட்டவர், ஐயப்பட்டவர், உறுதி சொன்னவர், மூட்டை கட்டத் தொடங்கியவர் என ஐந்து பேர் வந்துவிட்டார்கள். முத்தையன்கட்டுக் குளம் நிரம்பும் மார்கழியில் ஒரு செய்தி ஊரில் நடக்கும் விதமே இதுதான். வேறெந்த உத்தியும் இவ்வளவு குறைந்த ஓசையில் இவ்வளவு சனத்தைக் கொண்டுவராது. பெயரின் வேற்றுமையை மாற்றத் தொடங்கினால் — குளத்தை, குளத்தால், குளத்துக்கு — இலக்கண வாய்பாடாகிவிடும். பெயரைக் கட்டிவைத்து வினையின் வாலை மட்டும் அசையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரி போதும். காற்புள்ளி ஸ்ரைனுக்கும் பிடிக்காது, இங்கும் வேண்டாம். வாசிகசாலையில் வாசிப்பவர் எல்லா வரியையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்; நடித்துச் சொன்னால் ஈற்றசையின் வேலையைக் குரல் பறித்துக்கொள்ளும்.