கையால் தள்ளும் செதுக்குளி: பாதி வேலை சாணைக்கல்லில்

செப்பு, பித்தளை, வெள்ளித் தகடுகளில் கையழுத்தத்தால் மட்டுமே கோடு வெட்டும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பாத்திரக்கடையில் சுத்தியலால் தட்டித் தட்டிப் பெயர் வெட்டுவதிலிருந்து இது வேறுபட்டது. காளான் வடிவக் கைப்பிடி உள்ளங்கைக் குழியில் அமர்ந்திருக்கும். கட்டைவிரல் தகட்டின்மேல் ஊன்றி, உளி பாய்ந்துவிடாமல் தடுக்கும். உலோகம் மெல்லிய சுருளாக எழும்ப உளி முன்னேறும்.

தொடங்குபவர்கள் எந்த உளி வாங்குவது என்று கேட்கிறார்கள். எதில் தீட்டுவது என்பதை முதலில் கேட்க வேண்டும். கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் வெறும் எஃகுத் துண்டுதான். அதை வெட்ட வைப்பது நாம் கொடுக்கும் கோணங்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது சதுர உளி. அதன் முகத்தை, அதாவது முனையின் முன்பரப்பை, ஏறத்தாழ 45 டிகிரியில் சாய்த்துத் தேய்க்கிறேன். அடியில் இருபுறமும் 15 முதல் 20 டிகிரிக்குள் சிறு பட்டை வைக்கிறேன். இதைக் குதிகால் என்பார்கள். உளியைத் தகட்டுக்குள் புதையவிடாமலும் மேலே வழுக்கவிடாமலும் வைத்திருப்பது இதுதான். இரு பட்டைகளும் சமமாக இல்லாவிட்டால் உளி ஒரு பக்கமாக இழுக்கும். நீளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் வளைவுகளில் குதிகால் உரசி, கோட்டின் வெளி ஓரம் கிழிபடும். கோடு அசிங்கமாக வரும்போது பலரும் கையைக் குறை சொல்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் இந்தச் சிறு பட்டையில்தான் இருக்கும்.

600 கிரிட் (கிரிட் என்பது சொரசொரப்பின் அளவு; எண் கூடினால் மென்மை கூடும்) வைரத் தட்டில் உருவம் கொடுத்து, 1200 தட்டில் சீராக்கி, கடைசியாக வைரப் பசை தடவிய தட்டில் மெருகேற்றுகிறேன். வெள்ளியில் வேலை செய்பவர்கள் இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்கவே கூடாது. குதிகால் எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவுதான் வெட்டிய பள்ளமும் பளபளக்கும். கோணத்தைப் பிடித்துக்கொடுக்கும் தாங்கி வாங்கியது எனக்குப் பெரிய விடுதலை. முகத்தை மட்டும் வெறுங்கையால் புதுப்பிக்கலாம். குதிகாலுக்குத் தாங்கி கட்டாயம் வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

கூர்மையைச் சோதிக்க உளியை நகத்தின்மேல் அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். கொளுவி நின்றால் சரி, வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் (லூப்) முனையில் ஒளிப்புள்ளி தெரிந்தாலும் அது மழுங்கிவிட்டது என்றே பொருள். கூரான முனை ஒளியைத் திருப்பாது.

எஃகு வகையைப் பொறுத்தவரை சூட்டிலும் பதம் இழக்காத ஹைஸ்பீடு ஸ்டீலையே பரிந்துரைக்கிறேன். கார்பன் ஸ்டீல் அருமையான கூர் கொடுக்கும். ஆனால் சுழலும் சாணையில் சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடம் பதம் இழந்துவிடும். எஃகைவிடக் கடினமான கார்பைடு நீண்ட நேரம் தாங்கும்; கோட்டின் முடிவில் உளியை நெம்பி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதன் முனை பொட்டென்று தெறித்துவிடும். புதியவர்களுக்கு அந்தப் பழக்கம் கட்டாயம் இருக்கும்.

உளியின் நீளத்தையும் கைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். பிடித்த பிடியில் முனை கட்டைவிரலைத் தாண்டி ஓரிரு சென்டிமீட்டர் நீண்டால் போதும். அதற்கு மேல் போனால் கட்டுப்பாடு போய்விடும், மணிக்கட்டும் வலிக்கும். வளைவு வெட்டும்போது உளியைத் திருப்பாமல் தகட்டைத் திருப்ப வேண்டும். மணல் நிரப்பிய தோல் பை அதற்குப் போதும். சிறு தகடுகளை அரக்கில் பதித்துக்கொள்ளும் நம் பொற்கொல்லர் முறையும் நன்றாகவே உதவுகிறது. தகட்டைத் திருப்பும் கையின் விரல் எந்த நேரத்திலும் முனைக்கு எதிரே வரக்கூடாது. வழுக்கினால் ஆழமாகவே குத்தும்.

பயிற்சிக்குச் செம்பைவிடப் பித்தளை எளிது. செம்பு உளியோடு ஒட்டி இழுக்கும், பித்தளை தெளிவாக வெட்டுப்படும். எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டும் எண்ணத்தோடு இதற்குள் வர வேண்டாம். அந்த உலோகம் வெட்ட வெட்ட இறுகிக்கொண்டே போகும். அதற்குச் சுத்தியலோ காற்றழுத்தக் கருவியோதான் ஏற்றது.